அரை மில்லிமீட்டர் கணக்கு

கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது, கண்ணின் முகப்பில் இருக்கும் கார்னியா என்னும் தெளிந்த படலம். கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர். அதில் 43 டயாப்டர் கார்னியாவுடையது. மிச்சம் உள்ளே இருக்கும் லென்ஸுடையது. கைக்கடிகாரத்தின் மூடிக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் இந்தப் படலம் நடுவில் சராசரியாக 540 மைக்ரான் தடிமன் கொண்டது, அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். கண்ணாடி அணிவதிலிருந்து விடுபடுவதற்காகச் செய்யப்படும் லேசர் சிகிச்சை முழுவதும் இந்த அரை மில்லிமீட்டருக்குள் நடந்து முடிகிறது. அதன் பயன்களும் ஆபத்துகளும் இந்தத் தடிமனிலிருந்தே பிறக்கின்றன.

கார்னியாவின் மேற்பரப்பில் சுமார் 50 மைக்ரான் அளவுக்கு ஒரு மேல்தோல் உண்டு. இது உதிர்ந்து உதிர்ந்து வளரும். சிராய்ப்பு ஏற்பட்டாலும் சில நாட்களில் மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே பவ்மன் படலம், அதன் கீழே ஸ்ட்ரோமா. கார்னியாவின் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமாதான். பாய் முடைந்ததுபோல் அடுக்கடுக்காக ஓடும் கொலாஜன் இழைகள்தான் கார்னியாவுக்கு உறுதியைத் தருகின்றன. அடியில் ஒற்றை வரிசைச் செல்களாலான உட்தோல், நீரை வெளியே இறைத்து முழுப் படலத்தையும் தெளிவாக வைத்திருக்கிறது. இவற்றில் இழந்ததை முழுமையாக மீட்டுக்கொள்வது மேல்தோல் மட்டுமே. லேசர் சீவி எடுப்பதோ ஸ்ட்ரோமாவை. அது மீண்டும் வளர்வதில்லை.

கிட்டப்பார்வை உள்ள கண் பெரும்பாலும் இயல்பைவிட நீண்ட கண். விழிக்கோளம் நீண்டிருப்பதால் தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. லேசர் சிகிச்சை இந்த நீளத்தைக் குறைப்பதில்லை. கார்னியாவின் நடுவை லேசாகத் தட்டையாக்கி, குவியும் இடத்தைப் பின்னே தள்ளுகிறது, அவ்வளவுதான். மைனஸ் கண்ணாடி மூக்கின் மேல் உட்கார்ந்து செய்யும் வேலையை, கார்னியாவிலேயே செதுக்கி வைப்பது என்று இதைச் சொல்லலாம். கண்ணாடி போட்டிருந்தபோது எட்டாத பார்வை, கண்ணாடியைக் கழற்றியதும் எட்டிவிடும் என்று எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும். சோம்பற்கண் உள்ளவருக்கு நல்ல கண்ணாடியுடனும் எழுத்துப் பலகையில் 6/12 வரி வரைதான் தெரிகிறது என்றால், லேசருக்குப் பிறகும் ஏறக்குறைய அதுவே தெரியும்.

கத்தியிலிருந்து ஒளிக்கு

கார்னியாவின் வளைவை மாற்றிப் பவரைத் திருத்தும் முயற்சி லேசருக்கு முந்தையது. ஜப்பானைச் சேர்ந்த சாட்டோ கார்னியாவின் உட்புறத்திலும் கீறல்கள் போட்டார். உட்தோலின் செல்கள் அழிந்தால் அவை திரும்பப் பெருகுவதில்லை என்பது அன்று தெரிந்திருக்கவில்லை. சிகிச்சை பெற்ற பலருக்கு ஆண்டுகள் கழித்து கார்னியா நீர்கோத்து மங்கியது. 1970களில் மாஸ்கோவின் ஃபியோதரோவ் மேற்புறத்தில் சைக்கிள் சக்கரக் கம்பிகள்போல் கீறும் முறையைப் பரப்பினார். அமெரிக்காவில் அந்த முறையைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு, சிகிச்சை பெற்ற கண்களில் 43 சதவீதம் ஒரு டயாப்டர் அல்லது அதற்கு மேல் பிளஸ் பக்கம் நகர்ந்திருந்ததைக் கண்டது. முதலாண்டில் நன்றாக இருந்த கண் பத்தாம் ஆண்டில் வேறாக இருந்தது. கார்னியா அறுவையில் கணக்குத் தீர்வது தாமதமாகத்தான் என்பதை இவ்விரண்டு முயற்சிகளும் கற்றுக்கொடுத்தன. இன்றைய லேசர் முறைகளையும் இந்த நினைவோடுதான் பார்க்க வேண்டும்.

கத்தியின் இடத்துக்கு ஒளி வந்த கதையில் ஒரு சென்னைக்காரருக்குப் பெரும் பங்குண்டு. 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்தில் வேதியியலாளராக இருந்தார். ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் சேர்ந்து, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர் உயிர்த்திசுவை எப்படி வெட்டும் என்று ஆராய்ந்தார். 1981 நவம்பரில், நன்றி நவிலல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று அதன்மேல் இந்தப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார். வெட்டு கூர்மையாக விழுந்தது, ஓரங்கள் கருகவில்லை. இந்த ஒளியின் ஆற்றல் திசுவைச் சுட்டு எரிக்காமல் மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடுகிறது. ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரானில் கால் பங்கு அளவே திசு அகலும். நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் 1983இல் சீனிவாசனுடன் சேர்ந்து இதைக் கார்னியாவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதக் கண்ணில் சிகிச்சை தொடங்கிவிட்டது. ஐபிஎம்மின் மூவருக்கும் 2013இல் அமெரிக்க அதிபர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தார்.

இன்று நடைமுறையில் இருக்கும் முறைகள் மூன்று. முதலில் வந்த பிஆர்கே முறையில் மேல்தோலை அகற்றிவிட்டு, வெளிப்படும் பரப்பின்மேல் நேரடியாக எக்சைமர் லேசரைச் செலுத்துவார்கள். மேல்தோல் மூடச் சில நாட்கள் ஆகும். அதுவரை வலியும் உறுத்தலும் இருக்கும். பார்வை தெளியச் சில வாரங்கள் பிடிக்கும். லேசிக் முறையில் கார்னியாவின் மேற்பகுதியில் சுமார் 100 முதல் 120 மைக்ரான் தடிமனுக்கு ஒரு மூடியை வெட்டி, புத்தக அட்டைபோல் ஒரு பக்கமாகத் திறந்து, அடியிலுள்ள ஸ்ட்ரோமாவைச் சீவிவிட்டு மறுபடி மூடுவார்கள். கிரேக்கத்தின் கிரீட் தீவைச் சேர்ந்த பாலிகாரிஸ் 1990 வாக்கில் வடிவமைத்த இந்த முறையில் வலி குறைவு, மறுநாளே பார்வை தெளியும். அதனால்தான் உலகெங்கும் பரவியது. முன்பு தகடால் வெட்டிய மூடியை இப்போது ஃபெம்டோசெகண்ட் லேசர் வெட்டுகிறது. ‘பிளேடு இல்லாத லேசிக்’ என்று விளம்பரப்படுத்தப்படுவது இதுவே. பிளேடு இல்லையே தவிர வெட்டு இருக்கிறது. மூன்றாவதான ஸ்மைல் முறையில் மூடி கிடையாது. ஸ்ட்ரோமாவுக்குள்ளேயே லென்ஸ் வடிவில் ஒரு துண்டை லேசர் வரைந்துவிட, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளை வழியே மருத்துவர் அதை உருவி எடுக்கிறார்.

இம்மூன்றில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல வழியில்லை. எந்தக் கண்ணுக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி. சில கண்களுக்கு மூன்றுமே பொருந்தாது.

எத்தனை மைக்ரான் மிஞ்சும்

எவ்வளவு திசு போகும் என்பதை அறிய எளிய வாய்பாடு ஒன்று உண்டு. சார்லஸ் மன்னர்லின் என்பவரின் பெயரால் வழங்குவது. சீவப்படும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் ஆழம் மைக்ரானில் கிடைக்கும். ஆறு மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒவ்வொரு டயாப்டர் பவருக்கும் 12 மைக்ரான். வட்டத்தை ஆறரை மில்லிமீட்டராக அகலப்படுத்தினால் 14 மைக்ரானுக்குச் சற்று மேல். உண்மையில் கருவிக்குக் கருவி சற்று வேறுபடும் என்றாலும் மதிப்பீட்டுக்கு இது போதும்.

ஆறரை மில்லிமீட்டர் வட்டத்தில், கார்னியாவின் தடிமன் 520 மைக்ரான், பவர் மைனஸ் 6 என்று வைத்துக்கொண்டால், 110 மைக்ரான் மூடியும் 85 மைக்ரான் சீவலும் போக அடியில் 325 மைக்ரான் தொடப்படாமல் மிஞ்சும். அதே மூடியோடு 480 மைக்ரான் கார்னியாவும் மைனஸ் 8 பவரும் என்றால் மிஞ்சுவது 257 மைக்ரான் மட்டுமே. மூடிக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய வரம்பு. 300க்குக் கீழே போவதையே பல மருத்துவர்கள் இன்று விரும்புவதில்லை. மூடியைத் திரும்ப வைத்துவிட்டால் மொத்தத் தடிமன் கூடிவிடுமே என்று தோன்றலாம். ஆனால் மூடி அதன் ஓரத்தில் மட்டும்தான் உருப்படியாக ஒட்டுகிறது. நடுப்பகுதி மேலே வைத்த காகிதம்போல் இருக்குமே தவிர, கண்ணுக்குள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் வேலையில் பெரிதாகப் பங்கெடுப்பதில்லை. ஆண்டுகள் கழித்தும் மருத்துவரால் அதைத் தூக்கித் திறக்க முடிகிறது என்பதே இதற்குச் சான்று.

தாங்க வேண்டியது தாங்க முடியாமல் போகும்போது கார்னியா மெல்ல மெல்ல முன்னே பிதுங்கிக் கூம்புகிறது. எக்டேசியா எனப்படும் இந்த நிலைதான் லேசர் சிகிச்சையின் ஆபத்துகளில் மிகவும் அஞ்ச வேண்டியது. வெளிப்படச் சில மாதங்களும் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம். பார்வை கோணிக் கலைகிறது; சாதாரணக் கண்ணாடியால் திருத்த முடிவதில்லை. எத்தனை பேருக்கு வருகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு: பத்தாயிரத்தில் 4 பேர் என்பதிலிருந்து ஆயிரத்தில் 6 பேர் வரை சொல்லப்படுகிறது. ரைபோஃப்ளேவின் சொட்டு மருந்தை ஊறவிட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சி இழைகளை இறுக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையால் இப்போது பெரும்பாலும் அதை நிறுத்திவிட முடிகிறது. ஆனால் போன வடிவம் முழுதாகத் திரும்புவதில்லை. மீதமுள்ள காலத்துக்குக் கெட்டியான காண்டாக்ட் லென்ஸ் தேவைப்படலாம். சிலருக்குக் கார்னியா மாற்று அறுவை வரை போகிறது. கண்ணாடியை விட்டொழிக்க வந்தவருக்கு இது எவ்வளவு கொடிய விளைவு என்று சொல்ல வேண்டியதில்லை.

தடிமன் மட்டும் போதாது என்பதை எக்டேசியா வந்த கண்கள் காட்டிக்கொடுத்தன. அவற்றில் பல, சிகிச்சைக்கு முன்பே கெரட்டோகோனஸ் என்னும் கூம்புக் கார்னியா நோயின் தொடக்கத்தில் இருந்தவை. அந்த நிலையில் நோயாளிக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. பவர் சற்றுக் கூடுதலாகவோ சாய்வாகவோ இருக்கும், அவ்வளவே. கார்னியாவின் வளைவை மலை வரைபடம்போல் வண்ணங்களில் காட்டும் டோப்போகிராஃபி, முன்பின் இரு பரப்புகளையும் அளக்கும் டோமோகிராஃபி ஆகிய பரிசோதனைகளால்தான் அதைப் பிடிக்க முடியும். பிரிட்டனில் செய்யப்பட்ட ஆய்வுகள் இந்த நோய் வெள்ளையரைக் காட்டிலும் தெற்காசிய வம்சாவளியினருக்குப் பல மடங்கு கூடுதலாகவும் இளம் வயதிலும் வருவதைக் கண்டிருக்கின்றன. ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பது அதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. தமிழ் வாசகர்கள் இதைத் தங்களைப் பற்றிய செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது கெரட்டோகோனஸ் இருந்தாலும், சிறு வயது முதல் கண் அரிப்புத் தொல்லை இருந்தாலும் அதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். இந்த வரைபடங்களை எடுக்காமல் பவரை மட்டும் பார்த்து நாள் குறிக்கும் இடத்தில் சிகிச்சை செய்துகொள்ளக் கூடாது.

வறளும் கண்

உடலில் நரம்புகள் மிக அடர்த்தியாகப் பரவியிருக்கும் திசுக்களில் கார்னியாவும் ஒன்று. ஒரு தூசு பட்டாலே கண் சிமிட்டி நீர் வடிவது அதனால்தான். இந்த நரம்புகள்தான் ‘மேற்பரப்பு காய்கிறது’ என்ற செய்தியைக் கண்ணீர்ச் சுரப்பிகளுக்கு அனுப்புகின்றன. லேசிக் மூடியை வெட்டும்போது, மூடி ஒட்டியிருக்கும் கீல் பகுதி நீங்கலாக, அந்த வட்டத்துக்குள் வரும் நரம்புகள் அறுபடுகின்றன. செய்தி போகாததால் கண்ணீர் குறைகிறது, இமைப்பதும் குறைகிறது. நெருடல், எரிச்சல், மாலையில் கண் கனப்பது, திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து மங்கித் தெளிவது என்றெல்லாம் அது தெரியவரும். நரம்புகள் திரும்ப வளர, பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இது தணிகிறது. ஸ்மைல் முறையில் வெட்டு சிறியதாக இருப்பதால் நரம்புச் சேதம் குறைவு. பிஆர்கேயிலும் வறட்சி உண்டு.

சிலருக்கு அது தணிவதில்லை. ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர், மாதவிடாய் நின்ற வயதை எட்டிய பெண்கள், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோயுள்ளவர், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். காண்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகவே லேசரை நாடி வருபவர்கள் இங்கே கூடுதல் கவனத்துக்குரியவர்கள். லென்ஸ் ஒத்துக்கொள்ளாததற்கே கண் வறட்சி காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் முதலில் தீர்க்க வேண்டியது அதுதான்.

அரிதாக, அறுபட்ட நரம்புகள் தவறாக வளர்ந்து, மேற்பரப்பில் ஒரு கோளாறும் இல்லாதபோதும் ஓயாமல் வலியை அனுப்பிக்கொண்டிருக்கும் நிலை ஏற்படுகிறது. பரிசோதனையில் கண் தெளிவாக இருக்கும், எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிப்பார். ஆனால் காற்றுப் பட்டாலே கண் எரியும், வெளிச்சத்தைத் தாங்க முடியாது. இப்படிப்பட்டவர்களின் வேதனையை ‘எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஒதுக்குவது பெரும் தவறு. இந்த நரம்பு வலி உண்மையான நோய். அதற்கென்று தனியான சிகிச்சை தேவை.

6/6 சொல்லாதது

‘6/6 கிடைத்துவிட்டது’ என்பதுதான் சிகிச்சையின் வெற்றியைச் சொல்லும் வழக்கமான வாசகம். டச்சு மருத்துவர் ஸ்னெல்லென் 1862இல் வகுத்த அளவு இது. இயல்பான கண் ஆறு மீட்டரில் படிக்கும் எழுத்தை இவரும் ஆறு மீட்டரில் படிக்கிறார் என்பது அதன் பொருள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, நல்ல வெளிச்சம், சிறுத்திருக்கும் கண்மணி என்று கண்ணுக்கு மிகச் சாதகமான சூழலில் எடுக்கப்படும் அளவு அது. மழை இரவில் எதிர்வண்டியின் விளக்குக்கு நடுவே சாலையோரம் நடந்துபோகும் ஒருவர் தெரிகிறாரா என்பதை அந்தப் பலகை கேட்பதில்லை.

இருட்டில் கண்மணி விரிகிறது. அப்போது, சீவப்பட்ட பகுதியின் ஓரத்தை ஒட்டி வரும் ஒளியும் உள்ளே நுழைகிறது. அங்கே வளைவு மாறும் இடத்தில் ஒளி சரியாகக் குவியாமல் சிதறுகிறது. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், நட்சத்திரம்போல் கதிர்கள், எழுத்துக்கு நிழல்போல் இன்னோர் எழுத்து என்று அது தோன்றும். பவர் கூடக் கூட இந்தத் தொந்தரவுக்கு இடம் அதிகம். சீவும் வட்டத்தை அகலமாக்கினால் குறையும். ஆனால் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திசு செலவாகும் என்பதால், அரை மில்லிமீட்டர் கணக்கு இங்கேயும் குறுக்கே நிற்கிறது.

இந்தத் தொந்தரவுகள் உண்மையில் எவ்வளவு பேருக்கு வருகின்றன? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தேசியக் கண் நிறுவனம், பாதுகாப்புத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். லேசிக் செய்துகொண்ட கடற்படையினரும் பொதுமக்களுமாக ஏறக்குறைய 570 பேரிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுத்துக் கேட்டார்கள். மூன்றாம் மாதத்தில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பார்வையில் திருப்தி தெரிவித்தார்கள். அதே மூன்றாம் மாதத்தில், முன்பு பார்வைத் தொந்தரவு ஏதும் இல்லாதிருந்தவர்களில் 46 சதவீதம் வரை புதிதாக ஒரு தொந்தரவாவது இருப்பதாகச் சொன்னார்கள், ஒளிவட்டமே முதலிடம். முன்பு கண் வறட்சி இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை புதிதாக வறட்சியை உணர்ந்தார்கள். பார்வைத் தொந்தரவுகளால் அன்றாட வேலையே செய்ய முடியாமல் அல்லது மிகவும் சிரமப்பட்டு இருந்தவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

இந்த எண்கள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. சிகிச்சைக்கு முன் கண்ணாடியோடும் காண்டாக்ட் லென்ஸோடும் இதே தொந்தரவுகள் இருந்த பலருக்கு அவை நீங்கியும் இருந்தன. மொத்தக் கணக்கில் தொந்தரவு உள்ளவர்களின் பங்கு குறைந்தே இருந்தது. கண்ணாடி இல்லாமல் காலையில் எழுந்து கடிகாரம் பார்க்க முடிவதன் மகிழ்ச்சி பெரிது. விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்தாலும் பெரும்பாலோர் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரவெல்லாம் லாரியோ ஆம்னி பஸ்ஸோ ஓட்டுபவருக்கு அந்த வட்டம் பிழைப்பு சார்ந்த விஷயம். சராசரி எண் தனி ஒருவரின் தொழிலை அறியாது. இந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி மருத்துவர்களுக்கு உரியது: நேரில் மருத்துவரிடம் சொன்னதைவிட வினாத்தாளில் எழுதியபோது தொந்தரவுகளைச் சொன்னவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். நேரில் கேட்கும் ‘நல்லா இருக்கா?’ என்ற கேள்விக்கு ‘இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அவ்வளவு பேர்.

மூடியோடு தொடர்புடைய சிக்கல்களும் உண்டு: மூடி சுருங்கி மடிவது, அதன் அடியில் அழற்சி ஏற்படுவது, மேல்தோல் செல்கள் உள்ளே ஊர்ந்து வளர்வது. பெரும்பாலானவை முதல் சில நாட்களில் தெரிந்துவிடும்; விரைவாகக் கவனித்தால் சரிசெய்துவிட முடியும். கிருமித்தொற்று அரிது, ஆனால் வந்தால் பார்வையைப் பறிக்கக்கூடியது. வலி கூடுவது, கண் சிவப்பது, பார்வை மங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. குத்துச்சண்டை, கபடிபோல் முகத்தில் அடிபட வாய்ப்புள்ள துறைகளில் இருப்பவர்களுக்கு மூடியே இல்லாத பிஆர்கே ஏற்றது. அதில் கார்னியா மங்கித் தழும்பாகும் சாத்தியம் இருக்கிறது. அதைத் தடுக்க மைட்டோமைசின் மருந்தைச் சில நொடிகள் தடவுகிறார்கள்.

வயது ஏறும்போது

சிகிச்சைக்குப் பிறகு பவர் அணுவளவும் மாறாமல் பூஜ்யத்திலேயே நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அரை டயாப்டர் முன்பின் நிற்பது இயல்பு. பவர் கூடுதலாக இருந்தவர்களுக்கு ஆண்டுகள் செல்லச் செல்லக் கொஞ்சம் திரும்புவதும் உண்டு. போதிய தடிமன் மிஞ்சியிருந்தால் மறுபடி திருத்தலாம். இல்லையென்றால் மெல்லிய கண்ணாடி ஒன்றுதான். பவர் நிலைகொள்ளாத வயதில் செய்தால் பவர் திரும்ப ஏறும் வாய்ப்பு மிக அதிகம். குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும், அதோடு கடந்த ஓராண்டில் பவர் அரை டயாப்டருக்கு மேல் நகராமல் இருக்க வேண்டும். பலருக்கு 20 வயது கடந்தும் பவர் ஏறிக்கொண்டிருக்கிறது. கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பவர் தற்காலிகமாக மாறுவதால் அப்போது செய்வதில்லை.

நம் வீடுகளில் பெண்ணுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியதும் ‘கண்ணாடியை எடுத்துவிடலாம்’ என்ற பேச்சும் தொடங்குகிறது. முகூர்த்தத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் காண்டாக்ட் லென்ஸை உரிய காலம் கழற்றி வைக்காமலேயே அளவெடுக்க வைப்பதும் நடக்கிறது. லென்ஸ் கார்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றியிருக்கும். மெல்லிய லென்ஸ் என்றால் இரண்டு வாரமாவது, கெட்டியான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரமாவது விட்டிருந்தால்தான் உண்மை வடிவம் தெரியும். மாறிய வடிவத்தை அளந்து செய்த சிகிச்சை தவறான பவருக்குச் செய்த சிகிச்சை. கல்யாணத் தேதி கார்னியாவின் காலக்கணக்கை மாற்றாது. ராணுவம், விமானத் துறை போன்ற பணிகளுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களும் அந்தந்தப் பணியின் மருத்துவ விதிகளை முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும். சிகிச்சைக்குப் பின் ஓராண்டு போன்ற இடைவெளியைக் கேட்கும் விதிகள் இருக்கின்றன.

நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்தை லேசர் தடுப்பதில்லை. அது கார்னியாவின் குறை அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு நெகிழ்ச்சியை இழப்பதால் வருவது. மைனஸ் இரண்டு, மூன்று பவர் உள்ள ஒருவர் 45 வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாளைத் தாராளமாகப் படிப்பார். கிட்டப்பார்வை தரும் ஒரே சலுகை அது. தூரத்துக்காக அந்தப் பவரை அகற்றிவிட்டால் மறுநாளே படிப்பதற்குக் கண்ணாடி தேடுவார். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் வழி இருக்கிறது. எல்லோருடைய மூளையும் அதை ஏற்பதில்லை. காண்டாக்ட் லென்ஸில் சில நாள் அப்படிப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே சரி. நாற்பதை ஒட்டி வருபவர்களுக்கு இதை விளக்காமல் சிகிச்சை செய்வது நேர்மையாகாது.

நீண்ட கண்ணின் விழித்திரை மெலிந்தே இருக்கும். லேசர் முகப்பை மட்டும் மாற்றுவதால், விழித்திரை கிழிந்து விலகும் அபாயம் சிகிச்சைக்குப் பிறகும் அப்படியே தொடர்கிறது. கண்ணாடி போனதும் கண் குணமாகிவிட்டது என்று எண்ணி, ஆண்டுதோறும் சொட்டு மருந்து விட்டுச் செய்யும் விழித்திரைப் பரிசோதனையை நிறுத்திவிடுபவர்கள் பலர். இது ஆபத்தான நம்பிக்கை. கண் அழுத்த நோயிலும் இதேபோல் ஒரு கண்ணி இருக்கிறது. கார்னியாவை அமுக்கித்தான் கண்ணின் அழுத்தத்தை அளக்கிறார்கள். மெலிந்த கார்னியா எளிதில் அமுங்கிவிடுவதால் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்த நோய் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு வரும் வாய்ப்பும் கூடுதல். அளப்பவருக்கு லேசர் செய்துகொண்ட விவரம் தெரியாவிட்டால் நோய் கண்ணில் படாமலே வளரலாம்.

கார்னியா மெலிந்தவர்களுக்கும் பவர் மிகக் கூடியவர்களுக்கும் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐசிஎல் முறை உண்டு. கார்னியாவைச் சீவ வேண்டியதில்லை, தேவைப்பட்டால் லென்ஸை எடுத்துவிடலாம் என்பது அதன் அனுகூலம். கண்ணைத் திறந்து உள்ளே செல்வதால் அதற்கென்று வேறு அபாயங்கள் உண்டு. கண்ணாடியோ முழுக்கப் பத்திரமானது. லேசருக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அவர் அந்தக் கண்ணுக்குச் செய்த நன்மை அது. வேறிடத்தில் செய்துதருவார்கள் என்று தேடிப் போகக் கூடாது.

கடைசியாகக் கண்புரை. பெரும்பாலோருக்கு முதுமையில் வருவது. அதற்கான அறுவையில் உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸின் பவரைக் கார்னியாவின் வளைவிலிருந்து கணக்கிடுகிறார்கள். லேசர் முன்பரப்பை மட்டும் மாற்றிவிட்டதால், வழக்கமான வாய்பாடு கார்னியாவின் திறனை உண்மையைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, பவர் குறைந்த லென்ஸைக் காட்டிவிடும். புதிய வாய்பாடுகள் இந்தப் பிழையை வெகுவாகக் குறைத்திருக்கின்றன என்றாலும், பழைய அளவுகள் கையில் இருந்தால் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு முன் இருந்த பவர், கார்னியாவின் வளைவு, தடிமன், அகற்றப்பட்ட ஆழம் ஆகிய நான்கும் எழுதிய தாளை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். முப்பது நாற்பது ஆண்டு கழித்து அது தேவைப்படும்.